மலைப்பாதையில் மனைவிக்கும் ஓட்டத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற தம்பதிகள் ஆர்.வி. என்னும் நடமாடும் வீட்டு வண்டியில் அமெரிக்க மலைப்பகுதிகளைச் சுற்றிவருவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஒரு வரிதான் மனதை உறுத்தியது. கணவர் வண்டி ஓட்டுவார், மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து இயற்கையை ரசித்துக்கொண்டே வரலாம் என்று எழுதியிருந்தார்கள். நாங்களும் அதே நினைப்போடுதான் 2022 ஆகஸ்டில் ஹூஸ்டனிலிருந்து கிளம்பினோம். அந்த நினைப்பு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை உங்கள் வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

எனக்கு இப்போது 66 வயது. சொந்த ஊர் போடிநாயக்கனூர். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 28 வருடம் வேலை பார்த்தேன். என் கணவர் பொறியாளர். அவர் ஓய்வுபெற்ற மறு வருடம் 28 அடி நீள மோட்டார் ஹோம் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். ஃபோர்டு வேனின் முன்பகுதி, அதன் மேலேயே ஒரு கட்டில், பின்னால் சின்னதாக ஒரு வீடு. ஏறக்குறைய ஆறரை டன் எடை. பேர்லாந்து மீனாட்சி அம்மன் கோயிலில் பூஜை போட்டபோது கையில் நான்கு எலுமிச்சம்பழம்தான் இருந்தது. பின்பக்கம் இரட்டை டயர், மொத்தம் ஆறு சக்கரம் என்று குருக்கள்தான் எண்ணிச் சொல்லி, உள்ளே போய் இன்னும் இரண்டு பழம் எடுத்துவந்தார்.

இந்த வண்டியை ஓட்டத் தனி லைசென்ஸ் தேவையில்லை. டெக்சாஸில் 26,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிக்குச் சாதாரண கார் லைசென்ஸே போதும். இன்சூரன்ஸிலும் என் பெயர் இருந்தது. 28 வருடம் ஹூஸ்டன் நெடுஞ்சாலைகளில் விடியற்காலை ஷிப்டுக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போனவள் நான். இருந்தும், வண்டி வாங்கிய அன்று அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ ஓட்ட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நான் ஓட்டுகிறேன் என்று நானும் கேட்கவில்லை. பேசாமலே முடிவாகிப்போன விஷயம் அது.

மற்ற வேலைகளும் அப்படியே பிரிந்துகொண்டன. தண்ணீர் நிரப்புவது, மின்சார இணைப்பு கொடுப்பது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, கேஸ், ஜெனரேட்டர் எல்லாம் அவர். சமையல், துணி, மாத்திரை மருந்து, மளிகை எல்லாம் நான்.

மலை மேல் அன்றாடம் எப்படிப் போகும் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அந்தக் கட்டுரையில் அது இல்லை.

எங்கள் வண்டியின் தண்ணீர்த் தொட்டி 40 காலன், அதாவது 150 லிட்டர். குழாய் இணைப்பு இல்லாத இடத்தில் இருவருக்கும் அதுதான் நான்கு நாள் தண்ணீர். ஷவரைத் திறந்துவிட்டு நின்றால் இரண்டே குளியலில் கால்வாசி போய்விடும். நான் வாளியும் சொம்பும் வைத்துக்கொண்டேன். போடியில் அடிபம்பில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து வளர்ந்த எனக்கு ஏழு லிட்டரில் தலைக்குக் குளிக்கத் தெரியும். பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். மேல் தொட்டித் தண்ணீர் மிச்சமாவது ஒரு பக்கம், கீழே அழுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பாமல் இருப்பது இன்னொரு பக்கம். அது நிரம்பினால், மேலே எவ்வளவு தண்ணீர் மிச்சமிருந்தாலும் கிளம்பிப் போய்க் காலி செய்துவிட்டுத்தான் வர வேண்டும்.

சமையல் வேறு கணக்கு. 9,000 அடிக்கு மேலே தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொங்கிப் பொங்கிக் கொதிக்கும், ஆனால் துவரம்பருப்பு கல்லுபோல் கிடக்கும். குக்கர் இல்லாமல் மலை ஏறாதீர்கள். அதிலும் வீட்டில் மூன்று விசில் வைக்கும் பருப்புக்கு அங்கே ஆறு வேண்டியிருந்தது. வீட்டில் கட்டிக்கொண்டு போன அப்பளப் பாக்கெட்டும் முறுக்குப் பாக்கெட்டும் மேலே போகப் போக பலூன்போல் உப்பிக்கொண்டன. ஆகஸ்டிலும் ராத்திரி ஐந்து டிகிரிக்கு இறங்கிவிடுவதால் இட்லி மாவு புளிக்கவே புளிக்காது. இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஃபோர்டு வேனில் இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே என்ஜின் மேல் ஒரு மூடி திண்ணைபோல் இருக்கும். நாள் முழுக்க ஓடிவிட்டு வண்டியை நிறுத்தினால் அது பல மணி நேரம் கதகதப்பாக இருக்கும். மாவுச் சட்டியை அதன்மேல் வைத்து ஸ்வெட்டரால் சுற்றிவிட்டேன். காலையில் மாவு விளிம்புவரை எழும்பியிருந்தது. கொலராடோ மலையில் அன்று சாப்பிட்ட இட்லியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ராத்திரியில் கேஸ் ஹீட்டர் ஓடினால் அதன் காற்றாடி பேட்டரியைத் தின்றுவிடும். அதனால் ஒன்பது மணிக்கு அதை நிறுத்திவிட்டு இரண்டு ரஜாய்க்குள் படுத்துக்கொள்வோம். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, ஜெனரேட்டருக்கும் மூச்சு வாங்கும். என்ஜினுக்கும் அப்படித்தான்.

மனிதர்களுக்கும் அப்படித்தான் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

ஹூஸ்டன் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். அங்கிருந்து மூன்றே நாளில் கொலராடோ மாநிலத்தில் 6,500 அடி உயரத்திலுள்ள டுராங்கோவுக்கு வந்துவிட்டோம். 1882-இல் போட்ட சின்ன ரயில்பாதை ஒன்று அங்கிருந்து சில்வர்டனுக்குப் போகிறது. அது வந்து நிற்பதைச் சில்வர்டனில் இருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. டுராங்கோவில் ஒரு ராத்திரி மட்டும் தங்கிவிட்டு மறுநாளே கிளம்பினோம். சில்வர்டன் 9,318 அடி. நடுவில் இரண்டு கணவாய்களைத் தாண்ட வேண்டும். அவர் நாள் முழுக்க ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி ஓட்டினார். வழியில் கழிப்பறைக்கு நிறுத்த வேண்டியிருக்கும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை.

ஊருக்கு வெளியே வனத்துறை நிலத்தில் வண்டியை நிறுத்தினோம். சாயங்காலம் தலைவலி என்றார். ராத்திரி இரண்டு முறை வாந்தி. விடிந்ததும் கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவதற்கே மூச்சு வாங்கியது. ஊருக்குள் ஒரு சிறிய கிளினிக் இருந்தது. பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த பையன் தன் காரில் எங்களை அங்கே கொண்டுபோய் விட்டான். நர்ஸ் அவர் விரலில் கிளிப்பை மாட்டினார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 82 சதவீதம் என்று காட்டியது. நான் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள், அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ஆக்ஸிஜன் கொடுத்ததும் ஏறியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து உயரத்தை விட்டு இறங்குவதுதான், மதியத்துக்குள் டுராங்கோ போய்விடுங்கள், மோசமானால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், ஆனால் இவர் வண்டி ஓட்டவே கூடாது என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்து, நீங்கள் ஓட்டிவிடுவீர்கள்தானே என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அந்த ஒரு நொடி எனக்கு இன்றும் மறக்கவில்லை.

சில்வர்டன் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஊர். கீழே இறங்க வேண்டும் என்றால் முதலில் மேலே ஏற வேண்டும். தெற்கே டுராங்கோ பக்கம் போனால் மோலாஸ் கணவாய், 10,900 அடி. வடக்கே யூரே என்ற ஊர்ப் பக்கம் போனால் ரெட் மவுண்டன் கணவாய், 11,018 அடி. அந்த வடக்குச் சாலையில் பல இடங்களில் ஓரத்தில் தடுப்புக் கம்பிகூடக் கிடையாது. வாழ்நாளில் ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காத ஆறரை டன் வண்டியை முதல் முறையாக அப்படி ஒரு சாலையில் எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. வந்திருந்தாலும் எடுத்திருக்கக் கூடாது.

கிளினிக் வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து விசாரித்தார். வயது 71. எங்கள் வண்டிக்கு இரண்டு வண்டி தள்ளி ஒரு சின்ன டிரெய்லரில் தங்கியிருந்தவர். கணவர் இறந்தபின் தங்கையோடு கோடைதோறும் மலைக்கு வருகிறாராம். 22 வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். சாவியைக் கொடுங்கள் என்றார். அவர் எங்கள் வண்டியை ஓட்ட, தங்கை பிக்கப்பில் பின்தொடர, என் கணவரைப் பின்கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து பெல்ட் போட்டு, நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 50 மைல் வந்து சேர்ந்தோம். அன்று இரவே என் கணவர் ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டார்.

அந்த அம்மாள் சரி என்று கையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு நாள் கழித்து டுராங்கோவுக்கே திரும்பி வந்து, வா, உனக்குக் கற்றுத்தருகிறேன் என்றார். பெரிய காலி வாகன நிறுத்துமிடம் ஒன்றில் மூன்று காலைகள் கற்றுக்கொடுத்தார்.

முதல் நாள் வண்டியை நகர்த்தவே விடவில்லை. நான்கு கண்ணாடிகளிலும் எது எங்கே தெரிகிறது என்று பார்க்கவைத்தார். தான் வண்டியைச் சுற்றி நடந்து, எந்த இடத்தில் நான் மறைந்துபோகிறேன் சொல் என்றார். வலது பின்புறத்தில் ஓர் ஆள் முழுதாக மறைந்துவிடுகிற இடம் இருந்தது. அதற்கப்புறம் திருப்பம். பின்சக்கரத்துக்குப் பின்னால் எங்கள் வண்டியில் பத்தடிக்கு மேல் உடல் நீண்டிருக்கிறது. இடது பக்கம் திருப்பினால் வால் வலது பக்கம் வெளியே வீசும். பெட்ரோல் பங்குகளில் கம்பத்தில் இடிப்பவர்கள் பெரும்பாலும் இதனால்தான் இடிக்கிறார்கள் என்றார். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று கைகாட்ட வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியாத கணமே பிரேக்கை மிதிக்க வேண்டும், தெரியும் வரை நகரக் கூடாது.

மூன்றாம் நாள் சரிவு. கியர்த் தண்டின் முனையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இறக்கத்தில் வண்டி தானாகக் கீழ் கியருக்குப் போகும், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். வேகம் கூடினால் ஒரு முறை அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. என் அப்பா ஏலக்காய்க் கடையில் கணக்குப்பிள்ளை. பள்ளி லீவு விட்டால் அவரோடு தோட்டத்துக்குப் பேருந்தில் போவேன். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கைதான் எனக்கு வேண்டும். இதே வாக்கியத்தை அந்த ஓட்டுநர்கள் புதிதாக வந்த பையன்களுக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பத்து வயதில் காதில் விழுந்ததை 64 வயதில், உலகத்தின் அந்தக் கோடியில், வேறு மொழியில் ஒரு பெண் எனக்குச் சொன்னார்.

டுராங்கோவிலிருந்து ஹூஸ்டனுக்கு 1,000 மைலுக்கு மேல். அதில் சமவெளி முழுவதும் நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் நாள் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். இரண்டாம் நாள் தூங்கிவிட்டார்.

அந்தக் கிளினிக்கில் நடந்த இன்னொரு விஷயமும் உண்டு. அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நர்ஸ் கேட்டபோது நான்தான் சொன்னேன். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு, சர்க்கரைக்கு ஒன்று, எத்தனை மில்லிகிராம், எப்போது என்று எல்லாம். அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் அவரைக் கேட்டேன், அன்று கட்டிலில் கிடந்தது நானாக இருந்து, உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று. வெகுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் ஒரு தாளில் இருவருடைய மருந்துகளையும் தன் கையால் எழுதிக் கொண்டுவந்து, சரியா என்று என்னிடம் காட்டினார். அந்தத் தாள் வண்டியில் தட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஒரு வாரம் அவர் ஓட்டுகிறார், நான் சமைக்கிறேன். அடுத்த வாரம் மாற்றிக்கொள்கிறோம். கழிவுத் தொட்டி வேலையும் அப்படித்தான். அதைச் செய்ய முதலில் எனக்கு மனம் வரவில்லை என்பதை மறைக்க மாட்டேன். செய்து பார்த்தால் பத்து நிமிட வேலை. கையுறை போட்டுக்கொண்டு, குழாயை இரு முனையிலும் இறுக்கிப் பூட்டி, கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்துவிட வேண்டும், குளித்த தண்ணீர்த் தொட்டியைப் பிறகு. அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். அவருக்குக் குக்கரும் இட்லி மாவும் கைவந்துவிட்டன. உப்பு மட்டும் இன்னும் என்னைக் கேட்டுத்தான் போடுகிறார்.

2023 செப்டம்பரில் மறுபடி போனோம். இந்த முறை உடம்பைப் பழக்கிக்கொண்டே போனோம். 7,000 அடி ஊரில் மூன்று ராத்திரி, அப்புறம் 8,000 அடியில் இரண்டு. தலைவலி வந்தால் அன்று மேலே ஏறுவதில்லை. இருவரும் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தோம், கழிப்பறை வண்டிக்குள்ளேயே இருக்கிறது, நிறுத்தினால்தான் என்ன. மலைக்கு மேலே மதியத்துக்குப் பின் இடி மழை வரும் நாட்கள் உண்டு என்பதால் கணவாய்களைக் காலையிலேயே கடந்துவிடுவோம். 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கு ஆயுள் முழுவதற்குமான அட்டை ஒன்று உண்டு. 80 டாலர்தான். பல இடங்களில் தங்கும் கட்டணமும் அதனால் பாதியானது. தெரியாமல் முழுக்காசு கொடுக்கும் நம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அந்தப் பயணத்தில் உல்ஃப் கிரீக் கணவாய் வந்தது என்னுடைய வாரத்தில். 10,850 அடி. கிழக்கிலிருந்து ஏறி மேற்கே பகோசா ஸ்பிரிங்ஸ் பக்கம் இறங்கினோம். அந்த மேற்குச் சரிவுதான் செங்குத்து, 100 அடிக்கு ஏறக்குறைய 7 அடி இறக்கம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரளைக்கல் கொட்டிய மேட்டுப்பாதைகளைச் சாலையோரம் போட்டுவைத்திருக்கிறார்கள். உச்சியில் நிறுத்தி, ஒரு டம்ளர் காபி குடித்து, பொத்தானை அழுத்திவிட்டு இறங்க ஆரம்பித்தேன். என்ஜின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்துக்கொண்டது. பின்னால் கார்கள் சேர்ந்தபோது ஒதுங்கும் இடத்தில் ஒதுங்கி வழிவிட்டேன். கை நடுங்கவில்லை.

பாதி இறங்கியிருப்போம். அவர் திடீரென்று, அங்கே பார், அருவி என்றார். மரங்களுக்கு நடுவே பாறையிலிருந்து ஒரு வெள்ளைக் கோடுபோல் விழுந்துகொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை, என் கண் சாலையில் இருந்தது. அவர் ஜன்னலை இறக்கிவிட்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பி, மறையும் வரை பார்த்துக்கொண்டே வந்தார். இத்தனை ஆயிரம் மைல் ஓட்டியிருக்கிறேன், ஓட்டும்போது இதெல்லாம் கண்ணில் பட்டதே இல்லை என்றார்.

ஆசிரியர் அவர்களே, என் வயதுப் பெண்கள் பலர் உங்கள் இதழை வாசிக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் கார் ஓட்டத் தெரிந்தவர்கள். சென்னையில், கோவையில், சிங்கப்பூரில், டொரன்டோவில் வேலைக்கு ஓட்டிப் போனவர்கள். அவர்களை ஜன்னலோரம் உட்காரவைத்து எழுதாதீர்கள். அடுத்த முறை இப்படி ஒரு பயணக் கட்டுரை போடும்போது, கிளம்புவதற்கு முன் மனைவியும் ஒரு வாரம் காலி மைதானத்தில் அந்த வண்டியை ஓட்டிப் பழக வேண்டும், கணவர் ஒரு வாரம் வீட்டுச் சமையலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது பழகுவதற்கு மூன்று காலைகள் போதும். எங்களுக்குக் கிடைத்ததுபோல் இரண்டு வண்டி தள்ளி ஒரு பேருந்து ஓட்டிய அம்மாள் எல்லோருக்கும் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

வருகிற ஜூன் மாதம் மறுபடி கிளம்புகிறோம். முதல் வாரம் என்னுடையது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஹூஸ்டன், டெக்சாஸ்
(சொந்த ஊர் போடிநாயக்கனூர்)